நூரைனின் ஸ்காலர்ஷிப் போன இடம்

வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மே மாதம் அந்த விழா நடந்தது. சென்னையில் இருக்கும் ஒரு கல்வி அறக்கட்டளை, திருவண்ணாமலை மாவட்டத்தில் நன்றாகப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு உதவித்தொகை கொடுத்தது. மேடையில் நூரைனின் கையில் பெரிய அட்டைக் காசோலையைக் கொடுத்தபோது அவளுடைய அத்தா நசீர் அகமது எழுந்து நின்று கைதட்டினார். கூட்டத்தில் அவர் ஒருவர்தான் எழுந்தார். பக்கத்திலிருந்த மனைவி சாயிரா பானு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். இழுத்தாளே தவிர, அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

அட்டையில் எழுதியிருந்த பணம் எப்போது, எங்கே வரும் என்று யாரும் விவரமாகச் சொல்லவில்லை. "நேரா போய்ச் சேர்ந்துடும்மா, கவலைப்படாதீங்க" என்று மேடைக்குக் கீழே நின்றவர் சொன்னார். அதுவே போதுமென்று வந்துவிட்டார்கள்.

நசீருக்குப் போளூர் ரோட்டில் பைக் சீட் கவர் தைக்கிற கடை. மகள் நூரைன் கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதல் வருடம் முடித்திருந்தாள். அவளுடைய மார்க்கையும் வீட்டு வருமானத்தையும் பார்த்து, கல்லூரி பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தது. மீதிப் பாதியை நசீர் தவணை தவணையாகக் கட்டினார், கடைசித் தவணைக்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அறக்கட்டளை கொடுக்கும் தொகை கிட்டத்தட்ட அந்த மீதிப் பாதி. ஆகவே இனிமேல் ஃபீஸே இல்லை என்பதுதான் சாயிராவின் கணக்கு. ஆரணியில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் போட்டு அதைச் சொன்னாள். மாடி ஒழுகலைப் பார்க்க மேஸ்திரி இருசப்பனை வரச் சொல்லி, மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்று பேசியும் வைத்தாள்.

ஜூன் கடைசியில் நூரைனின் ஃபோனுக்குக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. இரண்டாம் வருடக் கட்டணம் இவ்வளவு, இந்தத் தேதிக்குள் கட்டவும். போன வருடம் கட்டிய அதே தொகை. ஒரு ரூபாய் குறையவில்லை.

"தப்பா அனுப்பியிருப்பாங்கம்மா" என்றாள் நூரைன்.

அவள் கல்லூரி அலுவலகத்துக்குப் பேசினாள். அங்கே கணக்குப் பார்க்கிற மூர்த்தி, "எல்லாம் கரெக்டாதான் இருக்கு. மெசேஜ்ல வந்ததைக் கட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்து அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: தங்களுக்கான தொகை ஜூன் முதல் வாரமே அனுப்பப்பட்டுவிட்டது.

அந்த வரியை நூரைன் வாசித்துக் காட்டியபோது சாயிரா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அனுப்பிட்டாங்கன்னா யாருக்கு அனுப்பினாங்க?"

"அது போடலம்மா."

"அப்ளிகேஷன்ல பேங்க் நம்பர் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எனக்கு அப்போ பரீட்சை. சாச்சாதான் கடையில வெச்சு ஃபில் பண்ணாரு."

சாச்சா என்றால் நசீரின் தம்பி அஜ்மல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான். சார்ஜர், கவர், ரீசார்ஜோடு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் உண்டு. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணனிடம் கைமாற்றுக் கேட்டுக்கொண்டே இருந்தவன், இந்த இரண்டு மாதமாகக் கேட்கவில்லை. கேட்காததை அதுவரை சாயிரா நிம்மதியாகத்தான் நினைத்திருந்தாள். இப்போது அதுவே அவளை உறுத்த ஆரம்பித்தது.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் அஜ்மலின் கடைப் பக்கம் போனாள். கடையில் புதிதாகக் கண்ணாடி அலமாரி போட்டிருந்தான். உள்ளே நீல விளக்கு எரிந்தது. பழைய மர ரேக்கைக் காணோம்.

"வாங்க அண்ணி! டீ சொல்லவா?"

"வேணாம்பா. இது எப்போ போட்ட?"

"போன மாசம். நல்லாக்கீதா?"

"நல்லாக்கீது" என்றாள். அந்தக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயந்திரம் நசீரிடம் சொன்னாள். நேராகச் சொல்லவில்லை. "உங்க தம்பி கடையில புதுசா அலமாரி போட்டிருக்கான்" என்றாள். அவர் "ம்" என்றார். "போன மாசமாம்" என்றாள். அதற்கும் "ம்". பணம் அனுப்பியதாக அறக்கட்டளை சொன்னதும் போன மாதம்தான் என்று அவள் சொன்னபோது, நசீர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். கோபமா, யோசனையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

நூரைனுக்குச் சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது. கல்லூரி அலுவலகத்தில் மூர்த்தி பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார், லேட்டாகத்தான் கணக்கில் ஏற்றுகிறார் என்று ஹாஸ்டல் பிள்ளைகள் பேசிக்கொள்வதை அவள் கேட்டிருந்தாள். "சாச்சாவைப் போய் சந்தேகப்படுறியே, உனக்கு இன்னா ஆச்சும்மா?" என்று அம்மாவிடம் சண்டைக்கு வந்தாள்.

"அப்போ உன் நம்பர்தான் போட்டானா? நீ பாத்தியா?"

நூரைன் பார்க்கவில்லை. விண்ணப்பத்துக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரிகூட அஜ்மலின் கடை முகவரிதான். விழா முடிந்த பிறகுதான் அறக்கட்டளையிடம் சொல்லித் தன் முகவரிக்கு மாற்றியிருந்தாள்.

பௌர்ணமி வந்தது. கிரிவலம் வருகிறவர்கள் மதியத்திலிருந்தே ஊருக்குள் இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. ஆரணியிலிருந்து வந்திருந்த தங்கையைப் பஸ் ஏற்றிவிட்டு சாயிராவும் நசீரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அஜ்மலின் கடையில் பவர் பேங்க் வாங்கவும் சார்ஜ் போடவும் கூட்டம். நசீர் பைக்கை நிறுத்தவே இல்லை. கூட்டத்தால் அது தானாக நின்றது. சாயிரா பின்னாலிருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போனாள்.

"அஜ்மல், ஒண்ணு கேக்கணும்."

"ஒரு அஞ்சு நிமிஷம் அண்ணி, இவங்களை அனுப்பிட்டு வரேன்."

"இவங்க இருந்தா இன்னா? நூரைன் ஸ்காலர்ஷிப் காசு எந்த அக்கவுண்டுக்கு வந்துச்சு?"

அவன் கையில் யாரோ கொடுத்த ஃபோன் இருந்தது. அதைக் கீழே வைத்தான்.

"அப்ளிகேஷன்ல போட்ட அக்கவுண்டுக்குத்தான்."

"நீதானே நம்பர் போட்டே. இந்தக் கண்ணாடிக்கு ஏது காசு?"

கடை முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அஜ்மல் அண்ணியைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, பைக் மேல் ஒரு காலை ஊன்றியபடி உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தான். நசீர் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டிக்கிட்டிருந்த சீட்டுப் பணத்தை எடுத்துப் போட்டேன் அண்ணி" என்றான் அஜ்மல். குரல் தணிந்திருந்தது.

"அப்போ அந்த அப்ளிகேஷனைக் காட்டு."

"காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"காலேஜுக்குப் போய்க் கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் வந்து சொல்லுங்க." சொல்லிவிட்டு, வைத்த ஃபோனை எடுத்து, "உங்களுக்கு இன்னா மாடல் கவர் வேணும்?" என்று எதிரே நின்றவரிடம் கேட்டான்.

காட்ட மாட்டேன் என்கிறானே, காட்ட முடியாததால்தானே என்று வீடு வரும்வரை சாயிரா சொல்லிக்கொண்டே வந்தாள். நசீர் ஹாரனை அடித்தபடியே ஓட்டினார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் கல்லூரிப் பஸ்ஸிலேயே கல்லூரிக்குப் போனார்கள். கடையை மூடிவிட்டு வந்ததில் நசீருக்கு எரிச்சல். அலுவலகத்தில் மூர்த்தி அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நூரைன் நினைத்து வைத்திருந்த மாதிரி ஆளாக அவர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் ஒரு களைத்த மனிதர்.

"டிரஸ்ட் பணம் வந்துச்சா சார்?" என்றாள் சாயிரா.

"வந்துச்சும்மா. ஜூன்லயே வந்துடுச்சு. அப்ளிகேஷன்ல போட்டிருந்த காலேஜ் அக்கவுண்டுக்கு நேரா அனுப்பினாங்க, யாருக்குன்னு பேரோட லெட்டரும் வந்துச்சு. உங்க பொண்ணு பேர்லதான் வரவு வெச்சிருக்கேன்."

சாயிராவுக்கு அஜ்மலின் முகம் நினைவுக்கு வந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "வந்திருந்தா ஃபீஸ் ஏன் கம்மியாகல?"

"கம்மியாச்சும்மா. டிரஸ்ட் கட்டினது போக மீதியைத்தான் உங்களைக் கட்டச் சொல்லியிருக்கோம்."

"போன வருஷமும் இதைத்தானே கட்டினோம்!"

"போன வருஷம் காலேஜ் கன்செஷன் இருந்துச்சு. இந்த வருஷம் அது இல்ல."

நசீர்தான் மெதுவாகக் கேட்டார். "ஏன் இல்ல?"

"பாய், காலேஜ் குடுக்கிற கன்செஷன் கஷ்டத்தைப் பாத்துக் குடுக்கிறது. வெளியில இருந்து உதவி வந்துட்டா கஷ்டம் அவ்வளவு கம்மின்னு அர்த்தம். அந்த அளவுக்கு நாங்க குடுக்கிறதைக் குறைச்சுக்குவோம். அதான் ரூல்."

"எங்க கஷ்டம் எங்க கம்மியாச்சு? நான் கட்ட வேண்டியது அப்படியேதானே இருக்கு?"

மூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ டிரஸ்டுக்காரங்க எங்களுக்குக் குடுக்கல" என்றார் நசீர். "எம் பொண்ணு பேரைச் சொல்லி உங்களுக்குக் குடுத்திருக்காங்க. மேடையில ஏத்தி, படம் புடிச்சு, எங்களைக் கைதட்டச் சொல்லி."

"அப்படி இல்ல பாய். அந்தக் கன்செஷன் காலேஜ்ல தங்கல. இன்னொரு பிள்ளைக்குப் போயிருக்கு. ஃபீஸ் கட்ட முடியாம நின்னுபோற மாதிரி இருந்த பிள்ளை."

"யாரு?"

"அது சொல்லக் கூடாது."

"இருந்தா சொல்லலாமே" என்றாள் சாயிரா.

மூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரவில்லை. "நீங்க நம்பாட்டி நான் இன்னா பண்றது? இந்த மாதிரி ஒரு ரூல் இருக்குன்னு சேர்க்கும்போதே கையெழுத்து வாங்கினோம். படிச்சிருக்க மாட்டீங்க. யாரும் படிக்கிறதில்ல."

வெளியே வந்து புங்க மரத்தடியில் நின்றார்கள். இன்னொரு பிள்ளை என்பதே கட்டுக்கதை, முதலாளி பாக்கெட்டுக்குத்தான் போயிருக்கும் என்றார் நசீர். சாயிராவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பௌர்ணமியன்று தனக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றியது என்பதும் நினைவுக்கு வந்தது.

அன்று மதியமே நூரைன் அறக்கட்டளையின் எண்ணுக்கு அடித்தாள். திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அறிவுமதி என்ற அம்மாள் பேசினார். முதலில் அவர் குரலிலேயே சந்தேகம் இருந்தது.

"காலேஜ்ல உங்களுக்குச் சலுகை இருக்குன்னு அப்ளிகேஷன்ல சொல்லவே இல்லையேம்மா?"

"கவர்ன்மென்ட் ஸ்காலர்ஷிப் வாங்குறீங்களான்னு மட்டும்தான் மேடம் கேட்டிருந்தீங்க. காலேஜ் கன்செஷன் பத்திக் கேள்வியே இல்ல."

"மறைச்சுட்டு இப்போ சொல்றீங்களோன்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் இருங்க." தட்டச்சுப் பலகை ஓசை கேட்டது. "ஆமா. கேக்கலை. எங்க தப்பு." பிறகு, "உங்க வீட்ல கட்டுறது ஒண்ணும் குறையலையா?" என்றார்.

"ஒண்ணும் குறையல மேடம்."

"நாலு வருஷமா குடுத்துட்டு வரோம். எல்லாரும் நன்றின்னு எழுதி அனுப்புறாங்க. ஒருத்தர்கூட இதைச் சொல்லலை. எத்தனை வீட்ல இப்படி நடந்துச்சோ தெரியலையே." கல்லூரி முதல்வரின் எண்ணை வாங்கிக்கொண்டார். "நான் பேசுறேன். என்ன ஆகும்னு இப்ப சொல்ல முடியாது."

பேசுவார் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. நசீர் சேட்டுக் கடையில் வட்டிக்கு வாங்கி முதல் தவணையைக் கட்டினார். இருசப்பனிடம் மாடி வேலை இப்போது வேண்டாமென்று சாயிரா சொல்லி அனுப்பினாள்.

ஆனால் அறிவுமதி பேசினார். இரண்டு முறை கல்லூரிக்கு நேரிலும் வந்தார். வெளியிலிருந்து வரும் உதவி முதலில் பெற்றோர் கட்டும் பங்கில் கழிய வேண்டும், அதற்கு மேல் மிஞ்சினால்தான் கல்லூரி தன் சலுகையைக் குறைக்க வேண்டும் என்று வாதாடினார். கல்லூரி முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. குறைத்த சலுகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. மீதிப் பாதி இன்னொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அதை அந்தப் பிள்ளையிடம் போய்த் திரும்பக் கேட்க முடியாது என்றார்கள். அடுத்த வருடத்திலிருந்து அறக்கட்டளை கட்டணமாகக் கட்டாது. பஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம், லேப்டாப் என்று கல்லூரிக் கணக்கில் சேராதவற்றுக்குக் கொடுக்கும். அப்போது கல்லூரிச் சலுகையைத் தொட மாட்டோம் என்று முதல்வர் எழுதிக் கொடுத்தார்.

அந்த இன்னொரு பிள்ளை யாரென்று நூரைனுக்குத் தானாகவே தெரியவந்தது. அவளுடைய வகுப்புத் தோழி ஓவியா கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறுபவள். அவள் அப்பா பலராமன் அங்கே நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறவர். ஒருநாள் ஓவியா பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டு வந்தாள்.

"நான் இந்த வருஷம் வந்திருக்கவே மாட்டேன் தெரியுமா? மணிலா சரியா வரல. அப்பா என்னை ஒரு கம்பெனி வேலைக்கு அனுப்பிடலாம்னு ஆளைப் பாத்துட்டாரு. ஜூலையில மூர்த்தி சார் ஃபோன் பண்ணாரு. ஒரு கன்செஷன் காலியாக்கீது, உடனே வான்னாரு. எங்கம்மா சார் கால்ல விழாத குறை."

நூரைன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்தில் எடுத்த படத்தை முதலில் அனுப்பியதே ஓவியாவுக்குத்தான். இவள்தான் அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அறக்கட்டளையே கடிதம் அனுப்பியிருக்கும்போது யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை என்று அறிவுக்குத் தெரிந்தது. அப்படியும் வாய் கேட்டுவிட்டது.

"நீ ஆபீஸ்ல என்னைப் பத்தி ஏதாவது சொன்னியாடி?"

"உன்னைப் பத்தியா? இன்னா சொல்லணும்?" ஓவியா நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "ஏதாவது பிரச்சினையா? நான் வேணா இப்போ வந்து சொல்லட்டா?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் நூரைன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓவியா இரண்டு முறை அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னாள். "நிஜமாவே ஒரு பிள்ளை இருக்காம்மா. ஓவியாதான். அவளுக்குத் தெரியாது. நீ யார்கிட்டயும் சொல்லாத."

ஓவியா ஒரு தடவை வீட்டுக்கு வந்து சேமியா சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். "அவங்கம்மா இன்னா நெனச்சிருக்கும் அந்த ஃபோன் வந்தப்போ" என்றாள் சாயிரா. பிறகு முகம் கழுவி, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள்.

அஜ்மல் அவளைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். "வாங்க. உக்காருங்க." அண்ணி என்று சொல்லவில்லை. டீ வரவழைத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

"காலேஜ்ல கேட்டோம்" என்றாள். "நீ போட்டதுல ஒரு தப்பும் இல்ல. நான்தான் அவ்வளவு பேர் முன்னாடி... மனசுல வெச்சுக்காத அஜ்மல்."

"நீங்க கேட்டது பரவால்ல. காசு காணோம்னா கேக்கத்தான் செய்வீங்க." ஒரு துணியை எடுத்துக் கண்ணாடி அலமாரியின் மேல்பக்கத்தைத் துடைத்தான். அங்கே தூசு ஒன்றும் இல்லை. "அண்ணன் அங்கதான் இருந்தாரு. 'என் தம்பி எடுக்க மாட்டான்'னு ஒரு வார்த்தை சொல்வாருன்னு பாத்தேன். சொல்லல. திரும்பிக்கினாரு. அவரும் நெனச்சிருக்காரு இல்ல?"

இல்லை என்று சாயிரா சொல்லலாம். சொன்னால் அவன் நம்ப மாட்டான்.

வீட்டில் நசீர் துணி அளவெடுத்துக்கொண்டிருந்தார். அஜ்மல் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். அவர் டேப்பைச் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நெனச்சேன்" என்றார். "நீ அலமாரியைச் சொல்றதுக்கு முன்னாடியே நெனச்சேன். அதனாலதான் உன்னைத் தடுக்கல. என் வாயால கேக்காம நீ கேட்டா போதும்னு இருந்தேன்."

சாயிரா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பௌர்ணமியன்று அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "அப்போ திட்டு வாங்குறதுக்கு நான், நல்ல பேருக்கு நீங்களா?" என்று கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நசீர் பள்ளிவாசல் வாசலில் தம்பிக்காகக் காத்து நின்றார். அஜ்மல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தும் பார்க்காதவன் போல நடந்தான். நசீர் கூடவே நடந்தார். தேரடித் தெருவில் நெரிசலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் போக முடிந்தது. சந்தேகப்பட்டேன், தப்பு என்று நசீர் சொன்னார். தெரியும் என்றான் அஜ்மல். பஸ் ஸ்டாண்டு வந்ததும் அஜ்மல் கடை ஷட்டரைத் தூக்கினான். ஷட்டர் பாதியில் சிக்கியது. நசீர் மறுபக்கம் கை கொடுத்தார். வேண்டாமென்று அஜ்மல் சொல்லவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை.

நசீர் கொஞ்ச நேரம் கடை வாசலில் நின்றுவிட்டு, போளூர் ரோட்டுக்கு நடந்தார்.